இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே

இந்த மாதச் சமயப் பகுதியில் காற்பந்தைப் பற்றி எழுதலாமா என்று ஆசிரியர் அண்ணனிடம் கேட்டேன். "கடைசியிலாவது சாமி வருவாரா?" என்றார். நடுவிலேயே வந்துவிடுவார் அண்ணே என்றேன். சரி, பார்ப்போம்.

2024 மே மாதம் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதியை உங்களில் பலர் மாமாக் கடையில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஐக்கிய அரபு சிற்றரசின் அல் அய்ன், இன்னொரு பக்கம் ஜப்பானின் யோகோஹாமா எஃப். மரினோஸ். இரண்டு ஆட்டம், அதாவது நாம் சொல்கிற 'லெக்' முறை. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டித்தான் கிண்ணம் யாருக்கு என்று முடிவாகும். நம்ம மலேசியக் கிண்ண அரையிறுதியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆசியாவின் முதல்நிலைக் கிளப் போட்டியில் இந்த முறையில் நடந்த கடைசி இறுதி அதுதான். அடுத்த பருவத்திலிருந்து ஒரே ஆட்டமாக மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. காரணம் கீழே வருகிறது.

மே 11, யோகோஹாமா. அல் அய்ன் 12-ஆவது நிமிடத்திலேயே கோல் அடித்து முன்னிலை பெற்றது. 72-ஆவது நிமிடம் வரை அந்த முன்னிலை நின்றது. பிறகு உவெனாகா ஒன்று, 86-இல் வத்தனாபே ஒன்று. 2-1 என்று ஜப்பான் குழு ஜெயித்தது. கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி இருபது நிமிடத்தில் விட்டுவிட்டு அல் அய்ன் விமானம் ஏறியது. இரண்டாம் ஆட்டம் மே 25. நடுவில் 14 நாள்.

மே 25 என்ற தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அல் அய்ன் குழுவின் பயிற்றுநர் ஹெர்னான் கிரெஸ்போ. யோகோஹாமாவின் பயிற்றுநர் ஹாரி கியூவெல். சரியாக 19 வருடத்துக்கு முன், 2005 மே 25, இஸ்தான்புல் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இவர்கள் இருவரும் எதிரெதிரே ஆடியவர்கள். கிரெஸ்போ ஏசி மிலானுக்கு இரண்டு கோல் அடித்தார். முதல் பாதி முடிவில் 3-0. அதன்பின் லிவர்பூல் ஆறே நிமிடத்தில் மூன்று கோலையும் திருப்பி அடித்து, பெனால்டியில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது. கியூவெல் அந்த லிவர்பூல் குழுவில் இருந்தவர். காயத்தால் 23-ஆவது நிமிடத்திலேயே வெளியே போக வேண்டியதாயிற்று. ஆக, முன்னிலை என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்று கிரெஸ்போவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பின்தங்கியவன் எழுந்து வருவான் என்று கியூவெலுக்கும் சொல்லித் தர வேண்டாம். ஒருவர் இழந்து கற்றது, மற்றவர் பெற்றுக் கற்றது, பாடம் ஒன்றுதான்.

பத்திரிகையில் 180 நிமிடத்துக்குத்தான் ஸ்கோர் போடுவார்கள். நடுவில் இருக்கிற 14 நாளுக்கு யாரும் ஸ்கோர் போடுவதில்லை. எனக்கு அந்த நாட்கள்தான் முக்கியமாகப் படுகிறது. நம்ம இதிகாசங்களும் அந்த நடுப்பொழுதை விடாமல் சொல்கின்றன.

இராமாயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் போரில் இராவணன் எல்லாம் இழந்து வெறும் கையோடு நிற்கிறான். கிரீடம் விழுந்துவிட்டது, தேர் இல்லை, ஆயுதம் இல்லை. அந்த நிமிடமே இராமன் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. போய்விட்டு நாளைக்கு வரச் சொல்லி அனுப்புகிறான். நம்ம பாஷையில் சொன்னால் இராவணனுக்கு இரண்டாவது லெக் கொடுக்கிறான்! பகைவனுக்கும் ஓர் இரவு கொடுப்பது கடவுளின் குணம். அந்த இரவை இராவணன் என்ன செய்தான்? கம்பர் காட்டுகிற இராவணனுக்கு அன்றைக்கு இருந்த பெரிய கவலை, சீதை சிரிப்பாளே என்பதுதான். தேவர்கள் சிரித்தால்கூட அவனுக்குப் பெரிதில்லை. எங்கே தப்பு செய்தோம் என்று அவன் யோசிக்கவில்லை. தம்பி கும்பகர்ணனை எழுப்புகிறான். எழுந்தவன் முதலில் சொல்வதே சீதையை விட்டுவிடு என்பதுதான். கூடப்பிறந்தவன், தனக்காக உயிரையே கொடுக்கப் போகிறவன் சொல்கிறான். அதுவும் காதில் ஏறவில்லை. கிடைத்த இரவு வீணாகப் போனது.

மகாபாரதத்தில் இன்னோர் இரவு. பதின்மூன்றாம் நாள் அபிமன்யு விழுந்துவிட்டான். நாளை சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று அர்ஜுனன் சபதம் போட்டுவிட்டான். மகனை இழந்த தகப்பன். கோபத்தில் போட்ட சபதம் வேறு கழுத்தைப் பிடிக்கிறது. கௌரவர் பாசறையிலோ ஒரே கொண்டாட்டம். அன்றிரவு அர்ஜுனனின் கனவில் கண்ணன் வருகிறான், சிவபெருமானை நினை என்கிறான். கனவிலேயே இருவரும் கயிலைக்குப் போய் ஈசனை வணங்கி, பாசுபதத்தின் பலத்தைத் திரும்பவும் பெற்று வருகிறார்கள். பாசுபதம் அவனுக்குப் புதிதல்ல, முன்பே தவமிருந்து வாங்கியதுதான். புதிதாக ஒன்றைத் தேடி அவன் ஓடவில்லை, தன்னிடம் இருந்ததையே சாமியிடம் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே அளவு இருட்டுதான். ஒருவன் யார் சிரிப்பார்கள் என்று யோசித்தான். மற்றவன் யாரை வணங்க வேண்டும் என்று யோசித்தான்.

சரி, வணங்கிவிட்டால் முதல் ஆட்டத்தின் ஸ்கோர் அழிந்துவிடுமா? அழியாது. இங்கேதான் நம்ம சைவ சித்தாந்தம் சொல்கிற வினைக் கணக்கு வருகிறது. பிராரப்தம் என்பது முன்பு செய்து, இப்போது அனுபவித்தே ஆக வேண்டிய வினை. ஆகாமியம் இப்போது நாம் புதிதாகச் செய்வது. அல் அய்ன் சொந்த மண்ணில் இறங்கும்போது 0-0 என்று இறங்கவில்லை, 1-2 என்று கடனோடுதான் இறங்கியது. அது பிராரப்தம். அடுத்து உதைக்கப் போகிற பந்து ஆகாமியம். எங்கள் பொறியியல் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு போடும்போது தொடக்க நிலை என்று ஒன்று கொடுப்பார்கள். அதை மாற்ற முடியாது, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆனால் விடை அதை மட்டும் வைத்து வராது, நாம் கொடுக்கிற உள்ளீடும் சேர்ந்துதான் வரும். விதி விதி என்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

8-ஆவது நிமிடம், சுஃபியான் ரஹீமி கோல். கடன் தீர்ந்தது. 33-இல் காக்கு பெனால்டி அடித்தார். 40-இல் யோகோஹாமாவின் யான் மத்தேயுஸ் ஒன்று போட, மொத்தம் 3-3. முதல் பாதி முடிகிற நேரத்தில் யோகோஹாமா கோல்காவலர் போப்புக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராக 67-ஆவது நிமிடம் வரை தாக்குப் பிடித்தார்கள். பிறகு மறுபடி ரஹீமி. கடைசி நிமிடங்களில் லாபா இரண்டு. 5-1, மொத்தம் 6-3. 2003-இல் தாய்லாந்தின் பிஇசி தேரோ சாசனாவை இதே இரண்டு லெக் இறுதியில் வென்ற அல் அய்ன், அதன்பின் 2005, 2016 என இரண்டு இறுதிகளில் தோற்று, 21 வருடம் கழித்துக் கிண்ணத்தைத் தொட்டது.

சிவப்பு அட்டை மட்டும் இல்லாவிட்டால் கதையே வேறு என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. யோகோஹாமா சோம்பேறித்தனத்தால் தோற்றது என்று பிரசங்கம் பண்ணுவது அநியாயம். அந்தக் குழு அரையிறுதியில் உல்சானோடு பத்துப் பேராகவே போராடி, பெனால்டியில் ஜெயித்து வந்த குழு. கீதையில் கண்ணன் வெற்றியையும் தோல்வியையும் சமமாக எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உடனே போருக்கு எழு என்கிறான். பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'எது நடந்தாலும் ஓகே' என்று சாய்ந்துவிடுகிறார்கள். பலன் நம் கையில் இல்லை என்பது உண்மை. கோல்காவலர் வெளியே போவதும் நம் கையில் இல்லை. பத்துப் பேரை வைத்து நிற்பது நம் கையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் தெரியுமா? நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் முதல் ஆட்டத்தோடு மைதானத்தை விட்டே போய்விடுகிறார்கள்! எஸ்.பி.எம். முடிவு சரியில்லை, அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்வது. பல்கலைக்கழகத்தில் முதல் தவணை 1.8 வந்துவிட்டது, வீட்டில் சொல்லாமல் வேலைக்குப் போய்விடுவது. சி.ஜி.பி.ஏ.யும் மொத்தக் கோல் கணக்கு மாதிரிதான் தம்பி. 1.8 அழியாது. ஆனால் அதே அளவு பாடம் எடுத்து அடுத்த தவணையில் 3.2 வாங்கினால் மொத்தம் 2.5. கணக்கு அவ்வளவு கொடூரமானது இல்லை. கொடூரமாக இருப்பது அந்த நடு நாட்கள். சித்தி என்ன சொல்வார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் என்ன கேட்பார், வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன போடுவார்கள் என்றே நாள் போய்விடுகிறது. இராவணனின் இரவு அது.

உங்கள் தாமானில் அப்படி ஒருவன் இருப்பான். முன்பு கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் ஓடி ஓடி வேலை செய்தவன், இப்போது ஆளைக் காணோம். அவனைப் பார்த்தால் ரிசல்ட் என்ன என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை ஊரே கேட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை தேவார வகுப்புக்கு வரும் வழியில் அவன் வீட்டு வாசலில் ஹார்ன் அடியுங்கள். வரமாட்டேன் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அடியுங்கள். பின் சீட்டுக்கு ஒரு ஹெல்மெட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.