ஜும்ஆ உரை: பக்கத்து வயலும் நம் வீட்டு அடுப்பும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு எனக்கும் உங்களுக்கும் உபதேசித்துக்கொள்கிறேன்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடி, போக்குவரத்து நின்றது. காய்கறியும் அரிசியும் லாரியில் வந்தால்தான் நம் அடுப்பு எரியும் என்றால், சாலை துண்டிக்கப்படும் நாளில் நம் நிலை என்ன? மழைக்காலம் முழுவதும் வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளியின் நிலை என்ன?

இதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. நபி யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வருமுன்பே அதற்கான ஏற்பாட்டைச் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் பயிரிட்டு, உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர மற்றதைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள் (12:47). அல்லாஹ் மீது தவக்குல் வைத்த நபிதான் தானியத்தையும் சேமிக்கச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

அஷ்அரீ கோத்திரத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. உணவு குறைந்துவிட்டால் அவர்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன.

சகோதரர்களே! விளைவிப்பவரின் உரிமையையும் மார்க்கம் மறக்கவில்லை. சரக்குடன் ஊருக்கு வருகிறவர்களைச் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின், அந்த விற்பனையை முறிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு (முஸ்லிம்). விலை தெரியாதவரின் அறியாமையில் லாபம் பார்க்கக் கூடாது என்பதே இதன் பாடம். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையின் நோக்கமும் இதற்கு நெருக்கமானதுதான்: விவசாயி இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க வேண்டும்.

ஸகாத்திலும் இந்த நீதியைக் காணலாம். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒரு பங்கு. உழைப்பு கூடினால் கடமை பாதியாகக் குறைகிறது. நாமோ பத்து ரூபாய் கீரைக்கட்டுக்கு அந்த அம்மாவிடம் பேரம் பேசுகிறோம். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை ஒரு வார்த்தை பேசாமல் கொடுக்கிறோம்!

குயிலாப்பாளையத்தைப் பாருங்கள். கேழ்வரகும் வரகும் கம்பும் மல்லாட்டையும் விளைந்த செம்மண் பூமி இது. இன்று பல கொல்லைகளில் முந்திரியும் சவுக்கும் நிற்கின்றன. அவை பணம் தரும். ஆனால் ஒரு வாரம் சாலை அடைபட்டால் சவுக்கை உண்ண முடியுமா? பக்கத்திலேயே ஆரோவில் பண்ணைகள் விளைவிப்பதை 'ஃபுட்லிங்க்' என்ற அமைப்பு சேகரித்து, அங்குள்ள சமையற்கூடங்களுக்கும் கடைகளுக்கும் அனுப்புகிறது. அவர்களாலும் முழுத் தேவையையும் விளைவிக்க முடிவதில்லை. ஆயினும் விளைவிப்பவருக்கு வாங்குபவர் யார் என்று தெரிகிறது. சமைப்பவருக்கு அது எந்த மண்ணில் விளைந்தது என்று தெரிகிறது. நல்ல செயல் யாரிடம் இருந்தாலும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

நாம் எங்கே தொடங்குவது? நோன்புக் கஞ்சியில் தொடங்கலாம். பச்சரிசியை அரசு தருகிறது. தேங்காய், வெங்காயம், தக்காளி, மல்லி, புதினா ஆகியவற்றில் இந்த மண்ணில் விளைவதையாவது சுற்றுவட்டார விவசாயிகளிடம் நேரே வாங்க ஜமாஅத் முடிவு செய்யட்டும். ரமழானுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அளவைச் சொன்னால் அவர்கள் அதற்கேற்ப விதைப்பார்கள். விலையை முன்பே பேசி, பணத்தை அன்றே கொடுங்கள். வலீமாவுக்கும் அகீகாவுக்கும் இதையே செய்யலாம். விவசாயி எந்த மதத்தவர் என்று பார்க்காதீர்கள். அண்டை வீட்டாரின் உரிமை எல்லோருக்கும் உண்டு.

அடுத்து, மழைக்கு முன் மஹல்லாவில் சில மூட்டை கேழ்வரகு சேமித்து வையுங்கள். அது எளிதில் கெடாத தானியம். விலையேற்றத்துக்காகப் பதுக்குவது பாவம். பசித்தவருக்காக எடுத்து வைப்பது இபாதத். புயல் நாளில் அது உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்கு முதலில் போகட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் மண்ணிலும் மழையிலும் பரக்கத் செய்வாயாக! விளைவிப்பவருக்கு நீதி செலுத்தும் மக்களாகவும், பசித்த அண்டை வீட்டாரை மறக்காத மக்களாகவும் எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.