சுவருக்கு வெளியே தள்ளப்படும் சூடு

ராஜகிருகத்தை ஒட்டிய இசிகிலி மலைச்சரிவில் தனியர் என்னும் பிக்கு புல்லால் ஒரு குடிசை போட்டிருந்தார். அவர் பிச்சைக்காக ஊருக்குள் போன நேரத்தில், புல்லும் விறகும் பொறுக்க வந்தவர்கள் குடிசையைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். மறுபடி கட்டினார், மறுபடி போனது. மூன்றாம் முறையும் அதே கதை. தனியர் குயவர் குடும்பத்தில் பிறந்தவர், மண் அவருக்குப் பழகிய பொருள். சுவர், கூரை எல்லாவற்றையும் மண்ணாலேயே குழைத்து எழுப்பி, புல்லும் விறகும் சாணமும் குவித்துத் தீ மூட்டி, குடிலை முழுசாகச் சுட்டெடுத்துவிட்டார். தம்பலப்பூச்சியின் சிவப்பு, தட்டினால் கிண்கிணி ஓசை. மலையிலிருந்து இறங்கி வந்த புத்தர் அதைப் பார்த்தார். உடைத்துவிடும்படி மற்ற பிக்குகளிடம் சொன்னார்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினய பிடகம் இதற்குச் சொல்லும் காரணம் இன்றைய கட்டடக் கலைஞர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். குடில் ஆடம்பரமாக இருந்தது என்று புத்தர் குறைசொல்லவில்லை. அதைச் சுடும்போது சிற்றுயிர்கள் மடிந்தன, கட்டியவருக்கு அவற்றின்மீது இரக்கம் இல்லாமல் போயிற்று, இதைப் பார்த்துப் பின்னால் வருபவர்களும் இப்படியே செய்வார்கள் என்பதுதான் கண்டனம். வீடு குடியிருப்பவருக்கு என்ன தருகிறது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அது எழும்புவதற்காக வெளியே எது எரிந்தது என்று கேட்கிற கேள்வி இது. செங்கல் சூளையின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறுவதையும், உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருவதையும் அறிந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

இதை வைத்து, வீட்டுச் சுகமே பாவம் என்கிற முடிவுக்குத் தாவிவிடுவது எளிது. பௌத்த நூல்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பிக்குகள் எல்லோரும் வாழ்நாள் முழுக்கக் காட்டிலும் மரத்தடியிலும்தான் தங்க வேண்டும் என்று விதிக்கும்படி தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் மறுத்தார். விரும்புகிறவர் தங்கலாம், கட்டாயமில்லை என்றார். ராஜகிருகத்து வணிகர் ஒருவர் சங்கத்துக்காக ஒரே நாளில் 60 குடில்கள் கட்டித் தந்ததையும் ஏற்றுக்கொண்டார். குளிர், வெயில், காற்று, கொசு ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ளவும் தனித்திருந்து தியானிக்கவும் இருப்பிடம் வேண்டும் என்பதே பிக்கு தினமும் நினைத்துப் பார்க்க வேண்டிய பாடம். புத்தர் செங்கல்லை அடியோடு விலக்கினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அதே பிடகத்தின் வேறொரு பகுதியில் செங்கல் வேய்ந்த கூரையும் அனுமதிக்கப்படுகிறது. அந்தப் பகுதி படிக்கச் சுவையானது. குடில்களுக்குள் வெளிச்சமில்லை, நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்ததும் மூன்று வகைச் சன்னல்களுக்கு அனுமதி கிடைக்கிறது: கிராதி வைத்தது, வலைப்பின்னலாக அமைந்தது, சட்டங்கள் அடுக்கியது. பிறகு அவற்றின் வழியாக அணிலும் வௌவாலும் நுழைகின்றன. அதற்கும் ஒரு திரைச்சீலை விதி வருகிறது. துறவிகளின் ஒழுக்க நூலுக்குள் இப்படி ஒரு கட்டடக் கையேடு ஒளிந்திருக்கிறது.

சட்டங்கள் அடுக்கிய அந்தச் சன்னலை ஒரு கட்டடத்தின் முழு முகப்பாகவே விரித்தால் எப்படி இருக்கும் என்பதைப் புதுச்சேரியில் பார்க்கலாம்.

அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கோண்ட், ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1937இல் கட்டத் தொடங்கப்பட்டது. பணத்தில் பெரும்பகுதி ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் அக்பர் ஹைதரி வழியாக வந்ததால், அங்குள்ள கோல்கொண்டாவின் பெயர். வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய அந்தோனின் ரேமண்ட். களத்தில் நின்று நடத்தியவர்களில் ஃபிரான்டிஷெக் சாமர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமா ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். நகஷிமா சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார். சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்றார். வலுவூட்டிய கான்கிரீட்டில் இந்தியாவில் எழுந்த தொடக்ககாலக் கட்டடங்களுள் ஒன்று இது. போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகளும் கீல்களும் வார்த்தார்கள்.

கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அகலமான முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் குறுகிய பக்கம்தான் கிடைக்கும். நீண்ட முகங்களில் சுவரோ கண்ணாடியோ இல்லை, தரையிலிருந்து மேல்தளம்வரை திருப்பக்கூடிய கிடைச் சட்டங்கள். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே உள்ள தேக்குக் கதவுகளும் இடைவெளி விட்ட பலகைகளால் ஆனவை. கதவு சாத்தியிருந்தாலும் காற்று குறுக்கே ஓடும். தட்டையான மேல்தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். வெயிலை ஓடு வாங்கிக்கொள்ள, இடையில் உள்ள காற்று சூட்டை வெளியே எடுத்துப் போகிறது. ஏசி இல்லை.

கோல்கோண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நுட்பங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே தங்குபவரிடம் கட்டடம் எதிர்பார்ப்பதும் கவனிக்கத்தக்கது. வெயில் சாயச் சாய, காற்று திசை மாற மாற, மழை வரும்போது, விட்டபோது என்று சட்டங்களைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கே வசதியாக இருக்க முடியாது. ஜடப்பொருளை ஒதுக்காமல், அதைக் கையாளும் விதத்தையே யோகமாக்கச் சொன்ன ஆசிரமத்துக்கு இது பொருந்தியதில் வியப்பில்லை. துறவு என்றால் வசதியைக் கைவிடுவது என்ற பழைய கணக்கை கோல்கோண்ட் கலைத்துப் போடுகிறது. அங்கே வசதி உண்டு. அதற்கு விலை கவனம்.

குளிரூட்டியின் கணக்கு வேறு. அது குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, அறையின் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. கூடவே தான் தின்ற மின்சாரமும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே உள்ளே குறைந்ததைவிட வெளியே கூடியது எப்போதும் அதிகம். நெருக்கமான தெருவில் அந்தச் சூடு முதலில் போய்ச் சேர்வது எதிர்வீட்டு மாடிக்கும், ஏசி வாங்க வக்கில்லாதவரின் சன்னலுக்கும்தான். பிறருக்குத் தீங்கு செய்யாமை என்பதை வாழ்வின் முதல் அறமாகச் சொல்லும் மரபுகள் இந்த நாட்டில் பல உண்டு. நீரை வடிகட்டிக் குடிப்பதைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவை சூட்டை எங்கே கொட்டுவது என்று பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அன்று இருக்கவில்லை.

திறன்மிக்க இயந்திரம் வந்தால் போதும் என்று ஒரு பதில் உண்டு. பாதி உண்மை. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் வந்தபிறகு நிலக்கரிச் செலவு கூடித்தான் போயிற்று என்று 1865லேயே பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதினார். மின்கட்டணம் குறைந்தால் இரண்டாவது அறைக்கும் ஏசி வருகிறது. இந்தியாவில் நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிரூட்டிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்யப்பட்டது. கையில் ரிமோட் இருப்பவரை 18க்குப் போகவிடாமல் அது தடுப்பதில்லை. எவ்வளவு குளிர் போதும் என்ற கேள்விக்கு எந்த இயந்திரமும் பதில் சொல்லாது.

அதே சமயம், தூய்மையான வீடு என்று ஒன்றைத் தேடுவதும் வீண். கோல்கோண்டின் அழகிய சட்டங்கள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. குவேக்கர் கிறிஸ்தவரான கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், காந்தியின் பேச்சைக் கேட்டு இந்தியாவில் வாழ வந்தவர், திருவனந்தபுரத்தில் வலைப்பின்னலாய்க் காற்று நுழையும் செங்கல் சுவர்களை எழுப்பினார். சுவருக்குள் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமானத்தால் கால்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். பூச்சு பூசி மறைக்காத சுவரில் அவர் மதத்தின் எளிமை தெரிகிறது. ஆனாலும் அந்தச் செங்கல் சூளையில் வெந்தது. அதை அறிந்தே அவர் மண்வீடுகளின் பக்கமும் திரும்பினார், மண்ணைப் பற்றி ஒரு கையேடும் எழுதினார். ஆரோவில்லின் மண் கட்டுமான நிறுவனம் சுடாத மண்ணை அழுத்திச் செய்யும் கட்டிகளிலும் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலக்கத்தான் செய்கிறது. குற்றத்தை முழுக்கக் கழுவ வழியில்லை. குறைக்கலாம், யார் தலையில் விழுகிறது என்று பார்க்கலாம்.

எளிமையைப் போதிப்பதிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. தகரக் கூரைக்கடியில் இருப்பவரிடம் போதுமென்ற மனம் பற்றிப் பேசுவது ஆபாசம். கூரை அவர் தேர்ந்தெடுத்ததல்ல. வாடகைக்கு இருந்தால் அதில் கைவைக்க உரிமையும் இல்லை. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வீட்டின் சுவரும் சன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு கட்டியது. நல்ல விதிதான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்கானது. தகரக் கூரைகள் அந்தக் கணக்கில் வராது. அவற்றுக்காக வேலை செய்தது, 2010இன் கொடும் வெயிலுக்குப் பிறகு விழித்துக்கொண்ட அகமதாபாத் மாநகராட்சி. 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது; பின்னர் குடிசைப் பகுதிகளின் கூரைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஆட்களை அனுப்பியது. 2023இல் தெலங்கானா குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அறக்கேள்வியின் ஒரு பாதி இப்போது மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்தில், சுண்ணாம்புக்கும் தூரிகைக்கும் ஒதுக்கிய வரியில் இருக்கிறது. ரிமோட்டைப் பிடித்திருக்கும் கையில் மறுபாதி.