கிர்காவில் அச்சேறிய லட்சுமி

1894ஆம் ஆண்டு பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஓவியர் ரவி வர்மாவும் அவர் தம்பி ராஜ ராஜ வர்மாவும் ஓர் அச்சகம் தொடங்கினார்கள். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. கல்லச்சு தெரிந்த தொழிலாளிகளும் அங்கிருந்து வந்தார்கள். முதலில் வெளியான படம் சகுந்தலையின் பிறப்பு. பின்னால் லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் அச்சானார்கள். தாமரைமேல் நிற்கும் அந்த லட்சுமி இன்றும் அதே நகரின் மாட்டுங்கா கடைகளில் கல்லாவுக்கு மேலே இருக்கிறாள். தாராவியின் பத்தடி அறையிலும் சிவப்பு விளக்கின் கீழ் இருக்கிறாள்.

ஆகமப்படி ஆவாகனம் செய்யாத, இயந்திரம் துப்பிய அந்தக் காகிதத்தில் தெய்வம் இருக்கிறதா?

கேள்வி கூர்மையாவதற்குக் காரணம் வரைந்தவரின் தொழில். 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா, மனிதர்களை வரைந்து பேர் வாங்கியவர். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய்ச் சாயம் தெரிந்திருந்த ராமசாமி நாயுடு அவருக்குக் கற்றுத்தர மறுத்தார். 1868இல் அங்கே வந்த ஓவியர் தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே பிடித்துக்கொண்டார் அந்த இளைஞர். 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு. பிறகு மகாராஜாக்கள், சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு என்று வரிசையாக உருவப்படங்கள். முகத்தில் வெளிச்சம் விழும் விதமும் பட்டுச் சரிகையின் மடிப்பும் அவர் கைக்கு அத்துப்படி. அந்தக் கையால்தான் லட்சுமியையும் வரைந்தார்.

யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த முத்துக் குமாரசுவாமியின் மகன், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இதை ஏற்கவேயில்லை. சிற்பி தியானத்தில் கண்டதை வடிக்கிறான். ரவி வர்மாவோ நாடக மேடைக்குரிய மனிதர்களைத் தேவர்களாக்கிவிட்டார் என்பது அவர் வாதம். லேசில் தள்ளக்கூடிய வாதம் அல்ல. நான்கு கை வீசி ஆடும் நடராஜரை எந்த மனிதனை எதிரே நிறுத்தியும் வார்த்திருக்க முடியாது.

ஆனால் குமாரசுவாமி கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. கும்பிடப் போகிறவர் சாமியைப் பார்த்துவிட்டு வருவதோடு நிற்பதில்லை. சாமி தன்னைப் பார்க்க வேண்டும் என்றும் நிற்கிறார். சிலை செய்து முடித்துக் கடைசியில் கண் திறப்பது அதற்காகத்தான். எதிரே நிற்பவரை நேராக நோக்கும் முகத்தை வரைவது உருவப்பட ஓவியரின் அன்றாட வேலை. ரவி வர்மாவின் எந்தத் திறமை குற்றமாகச் சொல்லப்பட்டதோ, அதுவே வழிபாட்டுக்கு வாகாக அமைந்தது.

சாத்திரமும் கதவடைக்கவில்லை. வழிபடத்தக்க எண்வகைத் திருவுருவங்களுள் எழுதிய சித்திரத்தையும் பாகவத புராணம் சேர்க்கிறது. அடியவர் நாடும் வடிவில் இறைவன் இறங்கி வருகிறான் என்பதே வைணவ அர்ச்சாவதாரக் கொள்கையின் உயிர். பஜனை மடங்களில் சட்டமிட்ட ராமர் படத்துக்கு முன்னால்தானே தீபாராதனை நடக்கிறது!

கதவடைத்தவர்கள் மனிதர்கள். தோல் பதனிடும் வேலையை நம்பி நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் பலர், சொந்த ஊரில் கோயில் வாசலுக்குள் விடப்படாதவர்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. ரவி வர்மா பிறந்த திருவிதாங்கூரிலேயே 1936 நவம்பர் வரை அந்த உரிமை இல்லை. கிர்காவில் அச்சான லட்சுமியோ, யாருடைய அனுமதியும் கேட்காமல் வீட்டுக்குள் வந்தாள். சூடம் காட்ட அர்ச்சகர் வேண்டாம், தொட்டால் தீட்டு என்று சொல்ல ஆள் இல்லை. தலைமுறையாகக் கிடைக்காத தரிசனம் வீட்டுச் சுவரிலேயே கிடைத்தபின், அங்கே தெய்வம் இல்லை என்று சொல்ல எந்த ஆகமத்துக்கும் உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

அச்சகம் ரவி வர்மாவுக்குக் கடனைத்தான் கொடுத்தது. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. அச்சகம் லோனாவாலாவை அடுத்த மளவலிக்கு இடம் மாறி, ஜெர்மானியரான ஷ்லைஷர் கைக்குப் போனது. 1906இல் அவர் மறைந்தார். படங்கள் நிற்கவில்லை. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசிக் காலண்டர்களில் ஏறித் தமிழர் போன இடமெல்லாம் போனார்கள்.

இதில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லார் வீட்டுக்குள்ளும் வந்த லட்சுமி, எல்லாரையும் போல் இல்லை. வெளுத்த மேனியும் மேல்தட்டுப் பெண்ணின் உடுப்புமாக வந்தாள். கருங்கல்லில் எண்ணெய்க் காப்போடு கறுப்பாகவே நின்ற தாயாரைக் கும்பிட்டுப் பழகிய ஊர்க்காரர்கள், காலண்டரில் அதே தாயார் கறுப்பாக வந்திருந்தால் வாங்கியிருப்பார்களா? வெள்ளை மேனிதான் தெய்வம் என்ற எண்ணம் அந்தக் கல்லச்சில் தொடங்கியதா, அல்லது முன்பே நமக்குள் இருந்ததைத்தான் அந்தக் கல்லச்சு அடித்துக் கொடுத்ததா?