மிச்சம் எதற்கு?

சென்ற ஆண்டு சித்திரை மாதம் விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் எனக்குத் தம்பி முறையாகும் ஓர் இளைஞனைச் சந்தித்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அவனுக்கு வேலை. பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். கவிதை எழுதுகிறவனோ என்று பயந்துவிட்டேன். நல்ல வேளை, அது பேட்டரிக் கணக்கு.

அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. மெட்டல் டிடெக்டர் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருக்கிறான். நீண்ட கம்பு, அதன் நுனியில் தட்டுப்போல் ஒரு கம்பிச் சுருள். சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் பிறந்து திரும்பக் குரல் கொடுக்கிறது. யந்திரம் அதைக் கேட்டு 'பீப்' என்று கத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி இதைத் தோளில் போட்டுக்கொண்டு தரிசுக் காடுகளில் நடக்கிறான்.

"முன்பெல்லாம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் 18 மணி நேரந்தான் ஓடும் அண்ணாச்சி. இப்போது 24 மணி நேரம் இழுக்கிறேன்" என்றான். பரீட்சையில் முதலாவதாகத் தேறியவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

எப்படி என்று கேட்டேன். மளமளவென்று சொன்னான். ஒலிபெருக்கியை அடைத்துவிட்டு ஹெட்போனில் கேட்க வேண்டும். சத்தத்துக்கும் மின்சாரம் செலவாகிறது. திரையின் விளக்கை எரிய விடக்கூடாது. நாலு செல்லும் ஒரே நாளில் வாங்கியவையாக, ஒன்றாகவே உழைத்தவையாக இருக்க வேண்டும். கிழட்டுச் செல் ஒன்று நடுவே புகுந்தால் அது முதலில் காலியாகி மற்றவற்றின் உழைப்பையும் கெடுத்துவிடும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் பெட்டிக்குள் யந்திரத்தை வைக்கக் கூடாது. சூடு ஏற ஏறச் செல்லின் ஆயுள் குறையும். ரீசார்ஜ் செல் சும்மா இருந்தாலே சக்தி கசியும். ஆகவே புறப்படுவதற்கு முந்தின இரவுதான் சார்ஜ் போட வேண்டும். வேலை முடிந்ததும் செல்களைக் கழற்றிவிட வேண்டும். சாதாரணச் செல் உள்ளேயே கிடந்தால் திரவம் கசிந்து யந்திரத்தையே அரித்துவிடும்.

ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. எனக்கே ஆசை வந்துவிட்டது.

"சரி தம்பி, இத்தனை மணி நேரம் நடந்து என்ன கண்டெடுத்தாய்?" என்றேன்.

அவன் சிரித்தான். சிவகாசிப் பக்கத்து மண்ணில் வேறென்ன கிடைக்கும்? எரிந்துபோன கம்பி மத்தாப்பின் கம்பி, ஆணி, சோடா மூடி. அப்புறம் சற்றுத் தயங்கி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு சின்னச் செப்புக் காசைக் காட்டினான். பச்சை பூத்துத் தேய்ந்த பழங்காசு.

"எங்கே எடுத்தது?"

"வைப்பாற்றங்கரையோரம். வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நினைவில்லை. மூன்று மாசம் இருக்கும்."

நோட்டை வாங்கிப் புரட்டினேன். எந்தச் செல் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் உழைத்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். காசு கிடைத்த இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று முதல் அந்த நோட்டு என் மனத்தைவிட்டு அகலவில்லை. சிக்கனம் என்பது தன்னளவிலேயே ஒரு நற்குணமா? அல்லது எதற்காக மிச்சம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதும் கெட்டதும் ஆகிறதா?

வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில் தமிழக அரசின் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொம்மைகளும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அங்கே வேலை செய்கிறவர்கள் சதுரக் குழி வெட்டி, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி, எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். பொருளைவிட அந்தக் குறிப்புத்தான் அவர்களுக்குப் பெரிது. பக்கத்தில் கிடந்த பானையோடு சேர்ந்தால்தான் காசு பேசும். தனியே பிடுங்கி எடுத்த காசு ஊமை.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாக இருந்தால், கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, என்று கிடைத்தது என்று மூன்று கேள்விகள். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய் அன்று பெரிய பணம். இன்று வெறும் சில்லறை. ஆனால் அந்த மூன்று கேள்விகளின் மதிப்பு அப்போதும் இப்போதும் ஒன்றுதான்.

தம்பியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. அவன் திருடனல்ல. வாரம் ஆறு நாள் யந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு ஏழாம் நாள் வெட்டவெளியில் நடக்க ஆசைப்படுகிறான். செல்லைச் சிக்கனமாக உபயோகிப்பதும் நல்லதுதான். செத்த செல்லைக் குப்பையில் எறிந்தால் மண்ணுக்குத்தானே கேடு? ஆனாலும், வழியைச் செப்பனிடுவதில் இத்தனை கவனம் செலுத்துகிற மனிதன், அந்த வழி எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் இருப்பது எப்படி?

இது அவனுடைய தனிப்பட்ட பலவீனம் அல்ல. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் ஓர் உலோகங்காணும் கருவியோடு வந்தார். கருவி பழுதில்லை. கட்டிலுக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் அதைக் குழப்பின. அதோடு, குண்டு வலப்பக்கந்தான் இருக்கிறது என்று நம்பிய வைத்தியர் வலப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. அந்தச் செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். கருவியைத் தீட்டுவது வேறு. எங்கே தேடுவது என்று தீர்மானிப்பது வேறு.

சிக்கனத்துக்கு எங்கள் ஊரே ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையைப் 'பிடி அரிசிப் பள்ளிக்கூடம்' என்பார்கள். வீடு தோறும் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்த அரிசி சேர்ந்து பள்ளிக்கூடத்தை நடத்தியது. அதுவும் மிச்சம் பிடித்ததுதான். ஆனால் கலயத்தில் கை விடும்போதே அது யாருக்கு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

எதிர்க்கரையில் சிவகாசி நிற்கிறது. அங்கே செய்யும் பட்டாசு முழுவதும் ஒரே நொடியில் செலவாவதற்கென்றே பிறந்தது. பார்க்கப் போனால் வாணத்துக்கும் பேட்டரிக்கும் தாயாதி உறவு உண்டு. இரண்டிலும் ஒரு பொருள் மின்னணுக்களைக் கொடுக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. வாணத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. பேட்டரியில் கம்பி வழியே நிதானமாக நடக்கிறது. வாணத்தை யாரும் ஊதாரி என்று திட்டுவதில்லை. தெருக் குழந்தைகள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துவிட்டார்கள் என்றால் அது பிறந்த காரியம் முடிந்தது. எரியாத மத்தாப்பைப் பத்திரமாகப் பூட்டி வைத்து நமத்துப்போக விட்டவனைத்தான் ஊர் சிரிக்கும்.

இப்படியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கும் வராமல் இருந்தபோது, ஐப்பசியில் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

அவன் தெருவில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மாள். காலி மனையில் விறகு பொறுக்கும்போது காதுக் கம்மல் ஒன்று விழுந்துவிட்டது. மெல்லிய தங்கம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் அடகு வைக்க இருந்தது. தம்பி யந்திரத்தோடு போனான். இரும்பையும் தகரத்தையும் ஒதுக்கும்படி யந்திரத்தைத் திருப்பி வைக்கலாம். ஆனால் அப்படி ஒதுக்கும்போது மெல்லிய தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடக் கூடும். ஆகவே எல்லாவற்றுக்கும் கத்தும்படி வைத்தான். அடிக்கு அடி மத்தாப்புக் கம்பி.

"ஹெட்போன் போட்டுக்கொண்டாயா?" என்றேன்.

"இல்லை அண்ணாச்சி. அந்த அம்மாவும் கூடவே நடந்து வந்தது. என் காதில் மட்டும் கேட்டால் அது என் முகத்தையே பார்த்துத் தவிக்கும். அதனால் சத்தமாகவே வைத்துவிட்டேன். இருட்டின பிறகு திரை விளக்கும் எரிந்தது. செல் தீர்ந்துபோச்சு. பெட்டிக்கடையில் சாதாரணச் செல் வாங்கிப் போட்டுத் தேடினோம். ஒன்பது மணிக்குக் கிடைத்தது."

"நோட்டில் எழுதினாயா?"

"எழுதினேன். கம்மல், வேப்பமரத்துக்குக் கிழக்கே நாலு அடி, தேதி. மணிக் கணக்கு எழுத மறந்துவிட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. சற்றுப் பொறுத்து அந்தச் செப்புக் காசைப் பற்றிக் கேட்டேன்.

"கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. என்ன கிடைத்தது என்று எழுதிவிட்டேன். மாசமும் உத்தேசமாகச் சொல்லலாம். எங்கே என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது. போன ரெண்டு ஞாயிறும் ஆற்றங்கரையில் நடந்து பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது."