கொடையும் கடனும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, நயாகரா, லெமிங்ரன் முதலிய விவசாயப் பிரதேசங்களுக்கு ஆண்டுதோறும் மெக்சிக்கோவிலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்தும் பருவகாலத் தொழிலாளர் வருகின்றனர். 1966இல் ஜமேக்காவுடன் தொடங்கி 1974இல் மெக்சிக்கோவையும் சேர்த்துக்கொண்ட அரசாங்கத் திட்டத்தின்கீழ் வருபவர் ஓராண்டில் எட்டு மாதங்கள் வரையே அங்கு தங்கலாம். குடும்பம் ஊரில், உறையுள் பெரும்பாலும் பண்ணையில். கடையும் வங்கியும் தேவாலயமும் தொலைவில் உள்ளமையால் அவர்களிற் பலருக்குத் துவிச்சக்கரவண்டியே வாகனம். ஊரார் கொடுக்கும் பழைய வண்டிகளைத் திருத்தி அவர்களுக்கு வழங்கும் தொண்டர்கள் அங்கு உளர்.

இச்செயலை அறம் எனலாமா? கொட்டிலில் துருவேறிக் கிடந்த வண்டியைக் கொடுத்தவர் இழந்தது எதுவுமில்லை; வீட்டைத் துப்புரவாக்கியதற்குச் சற்றே மேலான செயல், அவ்வளவே. திருத்துபவரின் நிலை வேறு. ரியூபை நீரில் அமிழ்த்தி ஓட்டை பார்க்க வேண்டும். வெடித்த ரயரையும் தேய்ந்த பிறேக் கட்டைகளையும் மாற்ற வேண்டும். கம்பிகளை முறுக்கிச் சில்லின் நெளிவை எடுக்க வேண்டும். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பூட்ட வேண்டும். லொறிகள் விரையும் ஒடுங்கிய வீதியில் இருள்சூழும் வேளை திரும்பும் மனிதனின் உயிர் இவற்றிலே தங்கியுள்ளது. பெறுபவன் ஏழைதானே, இது போதும் என்று பிறேக் பிடிக்காத வண்டியைக் கொடுப்பவர் ஆபத்தையே கைமாற்றுகிறார்.

இதனினும் ஆழமான ஆட்சேபம் ஒன்றுண்டு. இத்தொழிலாளியின் அனுமதிப்பத்திரம் முதலாளியுடன் பிணைக்கப்பட்டது. அவரோடு முரண்படுபவன் அடுத்த ஆண்டு அழைக்கப்படாமலே போகலாம். ஒன்ராறியோச் சட்டத்திலோ பண்ணைத் தொழிலாளருக்கு மேலதிக நேர ஊதிய உரிமை இல்லை. இந்நிலையிலே வண்டி கொடுப்பது அநீதியின் சில்லுக்கு எண்ணெய் விடுவதாகாதா? இமானுவேல் கான்ற் 1797இல் வெளியிட்ட அறவியல் நூலில் இதையொத்த ஐயத்தை எழுப்பினார்: கொடுக்கும் வசதி பெரும்பாலும் அரசின் அநீதியால் வாய்த்ததாயின், கொடுப்பது உதவி என்னும் பெயருக்குத் தகுமா? அப்பண்ணைகளின் தக்காளியை உண்பவர் எவரும் இவ்வினாவிலிருந்து தப்ப முடியாது.

வாதம் வலியதே. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் முடிபு வண்டியைத் திருத்த வேண்டாம் என்பதன்று. திருத்துபவர் நன்றியை எதிர்பார்க்கலாகாது என்பதே. கடனை அடைப்பவனுக்கு எவரும் நன்றி கூறக் கடமைப்பட்டவரல்லர். (வண்டியைக் கையளிக்கும்போது புகைப்படம் எடுத்தேயாக வேண்டும் என்பவர் இதனைச் சிந்திப்பது நன்று.)

மேலும், உணவுப் பொதியோ பழைய உடையோ செய்யாத ஒன்றை வண்டி செய்கிறது. முதலாளியின் வாகனத்தில் வைத்தியரிடம் செல்பவன், தான் நோயுற்றதை முதலில் முதலாளிக்கே அறிவிக்கிறான். அவர் அறியக் கூடாத முறைப்பாட்டை அவரது வாகனத்திலேயே கொண்டுசெல்லவும் முடியாது. சொந்த வண்டி உள்ளவனோ ஞாயிறு பிற்பகலில் எவரையும் கேளாது புறப்படுகிறான். அவன் கடைக்குப் போகிறானா, தொழிலாளர் உரிமை பற்றி விசாரிக்கப் போகிறானா என்பதைப் பண்ணையில் எவரும் அறியார்.