பிழையைச் சொல்வோம், பிறர் அந்தரங்கத்தை அல்ல



கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் திரையில் ஒரு கேள்வி தோன்றுகிறது: "பிழை அறிக்கையை அனுப்பலாமா?" நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதுகூட இல்லை. "சரி" என்ற இடத்தைத் தொட்டுவிட்டு மேலே போகிறோம். இத்தனை சிறிய காரியத்தில் நன்மை தீமை என்ற விசாரணைக்கு இடம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். இடமுண்டு என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

முதலில் அந்த அறிக்கை இன்னதென்று அறிந்துகொள்வோம். நோயாளி தன் நோவைச் சொன்னால்தான் வைத்தியர் மருந்து கொடுக்க முடியும். அதுபோல, ஒரு மென்பொருள் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்தால்தான் அவர்கள் அதைத் திருத்த முடியும். ஆகவே எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளையில் நின்றது என்ற விவரங்களைக் கருவியே திரட்டி அவர்களுக்கு அனுப்புகிறது.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் பால்மர் 2002-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். இத்தகைய அறிக்கைகளை ஆராய்ந்ததில், சுமார் 20 சதவீதப் பிழைகளே 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணமென்றும், வெறும் 1 சதவீதப் பிழைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணமென்றும் தெரியவந்ததாம். அந்தச் சிலவற்றைத் திருத்தினால் கோடிக்கணக்கானோரின் தொல்லை தீரும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ கம்பெனியின் அலுவலகம் நடந்து வருவதை நாம் அறிவோம். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே மென்பொருள் செய்கிறார்கள். ஆகவே பிழையைக் கேட்டறிந்து திருத்துவது எவ்வளவு அவசியமான வேலை என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிழையைத் தெரிவிப்பது, நமக்குப் பின்னால் வருபவரின் காலில் குத்தாதபடி வழியில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில அறிக்கைகளோடு, கருவி நின்றுபோன அந்த நொடியில் அதன் நினைவகத்தில் இருந்தவற்றின் பிரதியும் சேர்ந்து போகிறது. அப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தின் பகுதி அதில் இருக்கலாம், திறந்து வைத்த கோப்பின் பெயர் இருக்கலாம், கடவுச்சொல்லும் இருக்கலாம். வேண்டுமென்று எடுக்காவிட்டாலும் சொந்த விவரங்கள் அதில் வந்துவிடக்கூடும் என்பதை மென்பொருள் கம்பெனிகளே ஒப்புக்கொள்கின்றன. அனுப்பியது போகும் வழியிலும் ஆபத்து உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அனுப்பிய பிழை அறிக்கைகளை அமெரிக்க உளவு ஸ்தாபனமான என்.எஸ்.ஏ. இடைமறித்துப் பார்த்து, யாருடைய கருவியில் என்ன பலவீனம் என்று அறிந்துகொண்டதாக ஜெர்மனியின் டேர் ஷ்பீகல் பத்திரிகை 2013 டிசம்பரில் செய்தி வெளியிட்டது. வைத்தியருக்கு எழுதிய கடிதத்தைத் திருடன் பிரித்துப் படித்தது போலாயிற்று!

அப்படியானால் எல்லை எங்கே? நமது குற்றாலத்தையே பாருங்கள். சாரல் காலத்தில் அருவிக்கரையில் காவலர்கள் நிற்கிறார்கள். தண்ணீர் பெருகினால் குளிப்பதைத் தடுக்கிறார்கள். அவர்கள் வேண்டாமென்று யார் சொல்வார்? 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. காவல் இருக்கத்தான் வேண்டும். ஆயினும் காவலரின் கண் தண்ணீரின்மேல் இருக்க வேண்டுமேயன்றி, குளிக்கும் பெண்கள்மேல் இருக்கலாகாது. அதே கரையில் ஒருவன் செல்போனை நீட்டிப் படம் பிடித்தால், "நானும் பாதுகாப்புக்காகத்தான்" என்று அவன் சொல்வதை ஏற்போமா? நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. நோக்கத்துக்கு வேண்டிய அளவோடு பார்வை நிற்கவும் வேண்டும். பிழையைத் தேடுகிறவன் பிழையையே பார்க்கட்டும்.

"என்னிடம் மறைக்க ஒன்றுமில்லையே, எதைப் பார்த்தால் என்ன?" என்று சிலர் சொல்வதுண்டு. பேச்சு நேர்மையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் உங்கள் செல்போனில் இருப்பதெல்லாம் உங்களுடையதா? தாயாரின் ஸ்கேன் ரிப்போர்ட், மகளுக்கு வந்த வரன் பற்றிய பேச்சு, மகளிர் குழுவில் யார் எவ்வளவு கடன் பாக்கி என்ற கணக்கு, அன்பியக் கூட்டத்தில் ஒரு சகோதரி மனம் உடைந்து சொன்ன குடும்பக் கஷ்டம், இவையெல்லாம் அதில் இருக்கின்றன. இவை உங்களை நம்பிப் பிறர் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்கள். என் வீட்டுக் கதவை நான் திறந்து வைக்கலாம். அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிட எனக்கு அதிகாரம் ஏது? பொய் சொல்வது மட்டுமே எட்டாம் கற்பனைக்கு விரோதம் என்று நினைக்கிறோம். தகுந்த காரணமின்றி ஒருவருடைய உண்மையான குறையை வெளிப்படுத்துவதும் குற்றமே என்று நாம் கற்றிருக்கிறோம் அல்லவா? இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1965-ல் வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், மனிதருக்குரிய உரிமைகளில் ஒன்றாக அந்தரங்கப் பாதுகாப்பைச் சேர்த்துள்ளது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சொந்த விவரங்களைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. அதன்படி, சம்மதம் என்பது சுதந்திரமாகவும், விஷயம் தெரிந்தும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் கொடுக்கப்பட வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே கேட்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி., "அனுப்பு, அனுப்பாதே" என்று இரண்டு வழிகளையும் காட்டி, ஒவ்வொரு தடவையும் கேட்டது. இன்றைய விண்டோஸில் கூடுதல் விவரங்கள் போவதை நிறுத்த முடிகிறதேயன்றி, 'தேவையானவை' என்று கம்பெனி பெயரிட்டவற்றை நிறுத்த வீட்டில் உபயோகிப்போருக்கு அதன் செட்டிங்ஸில் இடமில்லை. இல்லை என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ஆம் என்பதற்கு மதிப்பு ஏது?

ஆகவே மென்பொருள் செய்யும் இளைஞர்களே, அறிக்கை கேட்குமுன் உங்களை நீங்களே கேளுங்கள்: இந்தப் பிழையைத் திருத்த இந்த விவரம் உண்மையாகவே வேண்டுமா? வேண்டாததை எடுக்காதீர்கள், எடுத்ததை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், கேட்பதைத் தெளிந்த தமிழில் கேளுங்கள்.

குடும்பத்தாரே, இன்று மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து, செல்போனின் செட்டிங்ஸில் 'பிரைவசி' என்றும் 'டயக்னாஸ்டிக்ஸ்' என்றும் இருக்கும் பகுதிகளைத் திறந்து பாருங்கள். எது போகிறது என்று அறிந்து, அனுப்பத் தகுந்ததை மனமார அனுப்புங்கள், தகாததை நிறுத்துங்கள். பிறருடைய இரகசியம் திறந்திருக்கும் நேரத்தில் அந்தச் சிறு கேள்வி வந்தால், விரல் சற்றே தயங்கட்டும். நம்மை நம்பியவருக்கு நாம் செலுத்தும் மரியாதை அந்தத் தயக்கத்தில் இருக்கிறது.