மூடாத கை



வைசாலிக்கு அணித்தான வேலுவ கிராமத்தில் நோயுற்றுத் தேறியிருந்த பகவன் புத்தர், தம்மிடத்தில் ஆசிரியனின் மூடிய கை என்பது இல்லையென்று ஆனந்தருக்கு அருளினார். உள்ளோர்க்கு ஒன்று, புறத்தோர்க்கு ஒன்றெனப் பிரித்து அவர் எதனையும் ஒளிக்கவில்லை. எழுத்தும் ஓத்தும் இன்னாருக்கே உரியவை என்று வழங்கிய நாட்டில் இது சிறு சொல்லன்று. நாவிதராயிருந்த உபாலி தேரர் இராசகிருகத்து முதற் சங்கத்தில் விநயத்தை ஓதினார். சாக்கிய குலத்து ஆனந்தரும் அவையிலிருந்தார்.

முன்னர்ப் பிறப்பைக் காட்டி மூடிய கை இன்று கட்டணத்தைக் காட்டி மூடுகின்றது. நவதாராளவாதம் என்னும் பொருளியற் கொள்கை கல்வியைச் சரக்காகவும் பெற்றோரை வாடிக்கைக்காரராகவும் கொள்ளுகின்றது. இதன் விளைவை நாம் ஊகித்தறிய வேண்டுவதில்லை. தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் இராணுவ ஆட்சி 1981-ல் பள்ளிகளைச் சந்தைப் போட்டிக்கு விட்டது. செல்வர் பிள்ளைகள் ஒரு பள்ளியிலும் ஏழைகள் வேறு பள்ளியிலும் பிரிந்தனர். 2006-லும் 2011-லும் மாணாக்கர் பெருந்திரளாய்த் தெருவில் இறங்கிய பின்னரே, அரசு மானியம் பெறும் பள்ளிகள் இலாபம் ஈட்டலாகாதென 2015-ல் சட்டம் பிறந்தது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1927-லேயே பம்பாய்ச் சட்டசபையில், கல்வித் துறையைக் கொடுக்கல் வாங்கல் கணக்காகக் கருதலாகாது என வாதிட்டார். 1946-ல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபொழுது, பிழைப்புக்கு வேலை செய்வோரும் பயிலக் காலை வகுப்புகள் அமைந்தன. ஒரே பலகையில் அமர்ந்து பழகாதோர் வாக்குச் சாவடியில் மட்டும் சமமாவது எங்ஙனம்?

நம்மவர் தாலியை அடகு வைத்தும் பிள்ளையை உயர்ந்த கட்டணப் பள்ளியில் சேர்க்கின்றனர். அவர்களை நாம் குறை கூறோம். அரசுப் பள்ளி நலிந்தால் அவர்கள் வேறென் செய்வார்? ஆனால் அங்கே பிள்ளை கற்பது யாது என்பதையும் நோக்கவேண்டும். கேள்விப்பட்டதனால் மட்டும் எதையும் ஏற்கவேண்டாமென்று காலாமருக்குத் ததாகதர் கூறினார். சம்பளத்திற்கு மட்டும் ஆயத்தம் செய்யும் பள்ளி இப்பழக்கத்தைத் தருவதில்லை. கேள்வி கேளாத குடிமகனை ஆளுவோர்க்குப் பிடிக்கும், முதலாளிக்கும் பிடிக்கும்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டது. மானியம் பெறாத தனியார் பள்ளிகளும் முதல் வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தரவேண்டுமென்பது அதன் விதி. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்குண்டு. அவ்விடத்தைக் கேட்கக் கூசுவோர் நம்மிடையே பலர். மனு எழுதத் தெரியாதோரும் பலர். உபோசத நாளில் வந்தனை முடிந்தபின், நம்முள் படித்தோர் விகாரைத் திண்ணையில் அமர்ந்து அம்மனுக்களை எழுதிக் கொடுக்கலாம். ஒரு மனுவுக்கு அரை நாழிகை போதும்.